பத்து மணி வெல்லம்

1957 மார்ச் 4, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். வேன்கள் கட்டுகிற இந்தத் தொழிற்சாலையில் தொள்ளாயிரம் ஆண்கள். பெண்கள் மூன்றே பேர். டெலிபோன் போர்டில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண், பெருக்குகிற முனியம்மாள், டிஸ்பென்சரி குமாஸ்தாவாக நான்.

என் வேலை பதிவேடு எழுதுவது. யார் வந்தாலும் டோக்கன் எண், பிரிவு, என்ன தொந்தரவு, என்ன மருந்து கொடுத்தது என்று எழுத வேண்டும். டாக்டர் கோஷி செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டர் சவரிமுத்துதான் எல்லாம்.

புதியவர்களோடு பேசவே வராதே, எப்படிச் சமாளிக்கப் போகிறேன் என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை. வந்து பார்த்தால் மூன்று கேள்விகள் போதும். டோக்கன்? பிரிவு? என்ன தொந்தரவு? மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடலாம் என்று தெரிந்துகொண்டேன்.

அண்ணன் ஏகாம்பரம் இங்கே பாடி ஷாப்பில் ஈயப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறான். டோக்கன் 417. அப்பா இறந்தபோது அவன் ஐந்தாம் வகுப்போடு நின்றான்; நான் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தேன். காலையில் நான் 'ஏகாம்பரம் தங்கச்சி'. சாயங்காலத்துக்குள் 'பியெஸ்ஸி' ஆகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் சட்டைப் பையிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து என் கையில் வைத்தான். கம்பெனியில் கொடுப்பது. மூன்று வருடமாக நடக்கிறது. எனக்கு இனிப்பு பிடிக்காது என்று இதுவரை சொன்னதில்லை. டப்பாவில் போட்டு வைத்தேன்.

மார்ச் 5

இன்று முப்பத்தொரு பேர். நான்காவதாக ஒரு கேள்வியும் கேட்டேன்: "கதவைச் சாத்திட்டுப் போறீங்களா?"

மார்ச் 12

டோக்கன் பட்டியல் சரிபார்க்க ஈயப் பிரிவுக்குப் போனேன். அண்ணன் வேலை செய்வதை முதன்முதலாகப் பார்த்தேன்.

வேனின் கூரையும் பக்கத் தகடும் சேருமிடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். இரண்டு பேர் தீச்சுடரால் ஈயக் கம்பியை உருக்கி, மரக்கரண்டியால் அந்தப் பள்ளத்தில் பூசுகிறார்கள். ஆறியதும் மற்றவர்கள் அரத்தால் ராவுகிறார்கள். சாம்பல் நிறத் தூள் உதிர்கிறது. மூட்டு இருந்த இடமே தெரியாத வரை ராவ வேண்டும். தெரியாமல் போய்விட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாதாம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வெறும் உள்ளங்கையைத் தகட்டின் மேல் மெல்ல ஓட்டினான். ஓரிடத்தில் நின்றான். சாக்கட்டியால் சிறிய வட்டம் போட்டான். இன்ஸ்பெக்டரும் அங்கே தடவிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா. நீ சொன்னா சரி," என்று போய்விட்டார்.

கையுறைகள் ஆணியில் மாட்டியபடி மடிப்புக் கலையாமல் இருந்தன. ஏன் போடுவதில்லை என்று கேட்டேன்.

"கண்ணுல துணியக் கட்டிக்கினு நூல் கோப்பியா நீ?" என்றான் அண்ணன்.

பத்து மணிக்கு கேன்டீன் குப்புசாமி கூடையோடு வந்தார். ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம். மூன்று மணிக்கும் ஒன்று உண்டாம். யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. சாம்பல் கையாலேயே வாங்கி, அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்கள். அரம் பிடித்த விரலைக்கூட ஒருவர் சப்பினார். தூள் நெஞ்சில் தங்காமல் வெல்லம் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இதற்காக மூன்று வருடத்துக்கு முன் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியிருக்கிறார்கள். மேனேஜர் ஒரே நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாராம்: நின்ற இடத்திலேயே சாப்பிட வேண்டும். தண்ணீர்க் குழாய், பெயின்ட் ஷாப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போய்வர எட்டு நிமிடம் ஆகும்.

வேலாயுதம் என்கிற பெரியவர் தன் கட்டியை அண்ணன் கையில் வைத்தார். அண்ணன் அதைப் பையில் போட்டுக்கொண்டான். எனக்கு வருவது அதுதான் போலிருக்கிறது.

மார்ச் 22

மூன்று வாரப் பதிவேட்டைப் புரட்டினேன். வயிற்றுவலி என்று வந்தவை நாற்பது. அதில் முப்பத்து மூன்று ஈயப் பிரிவு. அந்தப் பிரிவில் இருப்பதே பதினாறு பேர்.

சவரிமுத்துவிடம் காட்டினேன்.

"ஈயக்காரனுங்க வயிறு அப்பிடித்தாம்மா. பொகை உள்ள போவுது. வெளக்கெண்ண ஊத்துனா சரியாப் பூடும்."

"பொகைன்னா ஈயம் உருக்கறவங்களுக்குத்தானே அதிகமா வரணும்? ராவுறவங்களுக்குத்தான் அதிகமா வந்திருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீ கேக்கற கேள்விக்கு எனக்கே ஒரு டோஸ் ஊத்திக்கணும் போலக் கீது," என்றார்.

பதினாறில் பதினான்கு பேர் வந்திருக்கிறார்கள். வராதவர்கள் இரண்டு பேர்: 409, 417. 409 வேலாயுதம். 417 அண்ணன். அண்ணனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்பதில் எனக்கு நிம்மதி.

மார்ச் 31, ஞாயிறு

புளி கொட்டை எடுத்தேன். இரண்டு புடவை இஸ்திரி போட்டேன். அம்மாவுக்கு ரேஷன் கடையில் வரிசை பிடித்தேன்.

அண்ணன் சூடு என்று சொல்லி அம்மாவிடம் விளக்கெண்ணெய் கேட்டு வாங்கிக் குடித்தான். வெயில் காலம்தானே. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். எப்போதும் தானே சவரம் செய்துகொள்பவன் இன்று சலூனுக்குப் போனான். "வயசான காலத்துல மாப்பிள்ள வேஷம்," என்றாள் அம்மா. அவனுக்கு முப்பத்தொன்று.

சாயங்காலம் பக்கத்து வீட்டு வாசலில் கேரம். இந்தத் தெருவில் அண்ணனை ஜெயித்தவர்கள் கிடையாது. இன்று சுண்டிய ஸ்ட்ரைக்கர் பாதிப் பலகையிலேயே நின்றுவிட்டது. மறுபடியும் சுண்டினான். மறுபடியும் நின்றது. "பவுடர் சரியில்ல," என்று எழுந்து வந்துவிட்டான்.

பவுடர் பழையது. நான்கூடப் பார்த்தேன், கட்டியாக இருந்தது.

ஏப்ரல் 10

வேலாயுதம் விரலை வெட்டிக்கொண்டு வந்தார். கட்டுப் போடும்போது தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"உங்களுக்கு வயித்துவலி வந்ததே இல்லையா, ஐயா?"

"எனக்கு வேற வியாதிம்மா. சர்க்கரை. வெல்லத்தக் கண்ணால பாத்தாலே ஏறும்னு டாக்டர் மெரட்டிக்கீறாரு."

"எத்தனை வருஷமா ராவுறீங்க?"

"பதினொண்ணு. உங்க அண்ணனுக்கு அரம் புடிக்கக் காட்டுனதே நான்தான். இப்ப அவன் என்னத் தூக்கி சாப்ட்டுட்டான். என் வெல்லத்தையுஞ் சேத்து!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "பத்து மணிது உனக்கு. மூணு மணிது அவனுக்கு. அவன் பங்கு ரெண்டு தனி."

அப்படியானால் அண்ணன் தின்பது ஒரு நாளைக்கு மூன்று கட்டி. பதிவேட்டில் 'விரல் வெட்டு, டிங்சர்' என்று மட்டும் எழுதினேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

காதர் பாஷா கண்ணில் விழுந்த தூசியை எடுக்க வந்தார். மார்ச்சில் ஏழு முறை வயிற்றுவலியோடு வந்தவர்; ஒருமுறை தரையில் சுருண்டு படுத்துவிட்டார். ஏப்ரலில் இன்றுதான் முதன்முதலாக வருகிறார்.

"வயிறு?" என்றேன்.

"நோன்புல வயிறு சும்மாக் கெடக்குதும்மா. வலிக்க இன்னா கீது உள்ள?"

"லீவு போட்டிருந்தீங்களா?"

"லீவா? அதே அரம், அதே தூளு. மொதலாளி நோன்புக்கு எங்க லீவு குடுக்கறாரு."

அவர் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். அதே காற்று, அதே தூள், அதே அரம். மாறியது ஒன்றுதான். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் அவர் எதையும் வாயில் போடுவதில்லை. வேலாயுதமும் போடுவதில்லை. ஒருவருக்கு நோன்பு, ஒருவருக்குச் சர்க்கரை.

வெல்லம் தூளைக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது என்று இவர்கள் சொல்வது சரிதான். எங்கே போகிறது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 25

கல்லூரியில் உப்புச் சோதனை செய்யும்போது ஈயத்தைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். அதற்கு வேண்டியதெல்லாம் டிஸ்பென்சரியிலேயே இருக்கிறது. காரம் தெறித்தால் கழுவ வைத்திருக்கும் வினிகர். இருமல் மருந்தில் கலக்கும் பொட்டாசியம் அயோடைடு. ஊசி கொதிக்க வைக்கும் ஸ்பிரிட் விளக்கு.

சாப்பாட்டு நேரத்தில் செய்தேன். நேற்று அண்ணன் கொண்டுவந்த வெல்லக்கட்டியை, மேற்புறம் மட்டும், வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். அந்தப் பஞ்சை இன்னும் கொஞ்சம் வினிகரில் காய்ச்சி வடிகட்டி, அயோடைடு கரைசலை விட்டேன். மஞ்சளாகத் திரண்டது. சுட வைத்தேன், தெளிந்தது. சோதனைக் குழாயைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். ஆற ஆற, தங்கப் பொடியைத் தூவியது போல் மினுமினுவென்று உள்ளே விழ ஆரம்பித்தது.

குப்புசாமியின் கூடையிலிருந்து யார் கையும் படாமல் சவரிமுத்து காகிதத்தில் எடுத்து வந்த கட்டியிலும் அதையே செய்தேன். ஒன்றும் வரவில்லை. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் ஒன்றும் வரவில்லை.

"அழகாத்தான் கீது," என்றார் சவரிமுத்து, மினுங்கும் குழாயைப் பார்த்து. பிறகு, "இத்தயா துன்றானுங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவிலிருந்த வெல்லத்தையெல்லாம் குப்பையில் கொட்டினேன். "நல்ல வெல்லம்டீ! பட்டம் வாங்குனா புத்தி பூடுமா?" என்று அம்மா கத்தினாள். டப்பாவை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். முழுவதும் கேட்டான். முடிந்ததும்தான் ஆரம்பித்தான்.

"இந்த வெல்லத்துக்காக ரெண்டு நாள் வெயில்ல நின்னோம், தெரியுமா? நாலு பேர சஸ்பெண்டு பண்ணான். அதுல நான் ஒருத்தன். அந்த மாசம் உன் காலேஜு ஃபீசு கட்ட அம்மா கம்மல் போச்சு. இப்ப நீ ஆபீஸ் நாற்காலியில குந்திக்கினு வெல்லம் விஷம்னு எழுதுவ. மேனேஜர் சோக்கா நிறுத்திடுவான். நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உள்ள போறது?"

"வெல்லத்து மேல தப்பில்ல அண்ணே. கழுவாத கையிலதான் தப்பு."

"என் கையவா சொல்ற?" என்றான். "இன்ஸ்பெக்டரே இந்தக் கைய நம்பித்தான் கையெழுத்துப் போடறான்."

"சரி, கைய நீட்டிக் காட்டு."

"எதுக்கு?"

"உள்ளங்கை கீழ பாக்கற மாதிரி நீட்டு. அப்பறம் மணிக்கட்ட மேல தூக்கு."

அவன் எழுந்து சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். பட்டன் போடாமல்தான் போனான். இப்போதெல்லாம் காலையில் அம்மாதான் போட்டுவிடுகிறாள். பக்கத்து வீட்டு வாசலில் கேரம் பலகைக்கு அருகே நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மே 3, வெள்ளி

டாக்டர் கோஷியிடம் நேரில் பேச வராது என்பதால் எல்லாவற்றையும் இரண்டு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார். வரிசையில் இருந்த ஈயப் பிரிவு ஆளைக் கூப்பிட்டு, கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஈறின் ஓரத்தில் மையால் கோடு இழுத்தது போல் நீலம்.

அந்த ஆள் போன பிறகு சொன்னார்: "ரெண்டு வருஷமா நான் இவங்களுக்கு விளக்கெண்ணெய் எழுதிட்டிருக்கேன்." முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "பதினாலாம் தேதி ஒர்க்ஸ் கமிட்டி. நான் சொன்னா, டாக்டர் எல்லாருக்கும் லீவு குடுக்கப் பாக்கறார்னு மேனேஜர் சொல்வார். பதிவேடு உங்களுது. கண்டுபிடிச்சதும் நீங்க. நீங்களே பேசுங்க."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"இன்னொண்ணு. கை தொங்கற கேஸ் ஏதாவது உண்டா? முதல்ல விரல் தூக்க வராது. அப்புறம் மணிக்கட்டு. உடனே வேலையை மாத்தினா மெல்லத் திரும்பும். அப்படியே விட்டா திரும்பாமலே போயிடலாம்."

"பதிவேட்டுல இல்ல சார்," என்றேன்.

அது உண்மை. பதிவேட்டில் இல்லை.

மே 11

நீலப் புடவையைத் துவைத்துக் கஞ்சி போட்டேன். கமிட்டியில் பேச வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதி, சமையல்கட்டில் அம்மிக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன். அம்மி எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

மே 14, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். பிற்பாடு மாற்றிச் சொல்ல எனக்கே ஆசை வரலாம்.

நீண்ட மேசை. ஒரு பக்கம் மேனேஜர் தாமோதரன், இரண்டு அதிகாரிகள், டாக்டர். மறுபக்கம் யூனியன் செயலாளர் துரைக்கண்ணு, பிரிவுக்கு ஒரு பிரதிநிதி. ஈயப் பிரிவின் பிரதிநிதி அண்ணன். நான் நுழைந்தபோது அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் மேசைக்குக் கீழே இருந்தன.

நான் எழுதி வந்ததைப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரிதான்.

"சத்தமாப் படிம்மா, எறும்புக்கா சொல்ற?" என்றார் துரைக்கண்ணு. சிரித்தார்கள்.

தாளைக் கீழே வைத்தேன். பேசுவதைவிடச் செய்வது எனக்குச் சுலபம். "உங்க கையக் கொஞ்சம் குடுங்க," என்று அவரிடமே கேட்டேன். அவரும் பாடி ஷாப்தான். ஈயப் பிரிவுக்கு அடுத்த வரிசை. சிரித்துக்கொண்டே நீட்டினார். பஞ்சால் துடைத்தேன். சவரிமுத்து விளக்கை ஏற்றினார். மஞ்சள் திரண்டது, சுடவைத்ததும் கரைந்தது, குளிர்ந்ததும் தங்கமாக மினுங்கி விழுந்தது. குழாய் மேசையைச் சுற்றிக் கைமாறிப் போனது.

"இது ஈயம். இப்ப உங்க கையில இருந்தது. பத்து மணிக்கு வெல்லத்தோட உள்ள போறதும் இதுதான்," என்றேன். வேலாயுதத்தைப் பற்றியும் காதர் பாஷாவைப் பற்றியும் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நடுங்கவில்லை.

மேனேஜர் குழாயை மேசையில் வைத்தார். "ரொம்ப நல்லது. நாளையிலிருந்து வெல்லம் கிடையாது. முடிஞ்சது."

துரைக்கண்ணு எழுந்துவிட்டார். "ஓகோ! இதான் ரகசியமா? வெல்லத்தப் புடுங்கறதுக்கு ஒரு பியெஸ்ஸிய வேலைக்கு வெச்சீங்களா?"

"வெல்லத்த நிறுத்தக் கூடாது," என்றேன். மேசையின் இரண்டு பக்கத்தாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நிறுத்தினா பீடி பிடிப்பாங்க, அதே கையால. பிரிவுக்குள்ளேயே குழாய் வேணும், சோப்பு வேணும். பத்து மணிக்கும் மூணு மணிக்கும் கை கழுவ பத்து நிமிஷம் வேணும். வெல்லம் வெளியில வெச்சுக் குடுக்கணும். கழுவின கைக்கு மட்டும்."

"பதினாறு பேர், ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்," என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் இல்லை, கணக்குப் போடுபவர். என் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். "நீங்க சொல்றது சரின்னா, அதிகமா வெல்லம் தின்னவனுக்கு அதிகமா வரணும். அந்தப் பிரிவுல கெட்டிக்காரன் உங்க அண்ணன். வேலாயுதம் பங்கும் அவனுக்குத்தான் போகுதுன்னு நீங்களே சொன்னீங்க. பாருங்க, 417. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, ஒரு தடவைகூட டிஸ்பென்சரிக்கு வரல. இது உங்க கையெழுத்துதானே? உங்க புஸ்தகம்தானே சொல்லுது?"

என் கையெழுத்துதான். என் புத்தகம்தான்.

அண்ணன் இப்போது காலண்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று அவன் கண் சொன்னது. இதுவரை அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது அது ஒன்றுதான்.

நான் சும்மா இருந்தால் அவன் நாளைக் காலையில் அரத்தைப் பிடிப்பான். துரைக்கண்ணு வெல்லத்தைக் காப்பாற்றிக்கொண்டு போவார். பதினாறு பேருக்கும் குழாய் கிடையாது. அண்ணன் கை கீழே போய்க்கொண்டே இருக்கும்.

"சார், 417-ஐ ரெண்டு கையையும் முன்னால நீட்டச் சொல்லுங்க," என்றேன்.

மேனேஜர் அவனைப் பார்த்தார். அண்ணன் கைகளை மேசைக்கு மேலே கொண்டுவந்தான். நீட்டினான். இடது கை நேராக நின்றது. வலது கை மணிக்கட்டிலிருந்து ஈரத் துணி போல் தொங்கியது.

"தூக்குப்பா," என்றார் டாக்டர்.

நெற்றி நரம்பு புடைத்தது. தோள் உயர்ந்தது. கை எழவில்லை.

மேனேஜர் மேசையைச் சுற்றி வந்தார். அந்தக் கையைத் தன் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டார். "இந்தக் கை பாஸ் பண்ணின வேன்லதானே நான் போறேன்," என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு தன் இடத்துக்குப் போய், குழாய், பத்து நிமிடம் என்று எழுதினார்.

"கால் மணி," என்றார் துரைக்கண்ணு. அவர் குரல் கரகரத்தது.

"பத்து."

"சோப்பு கம்பெனிது."

"சரி."

அண்ணனை இன்று மத்தியானத்திலிருந்தே ஈயப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கருவி ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். சான்றிதழை டாக்டர் என்னைத்தான் எழுதச் சொன்னார்: 'ஈய வேலைக்குத் தகுதியற்றவர்.' எழுதினேன்.

நான் செய்தது சரி. நாளை என்னைக் கேட்டாலும் இப்படித்தான் எழுதுவேன்.

மே 15

அண்ணன் என்னோடு பேசவில்லை.

மே 26, ஞாயிறு

அம்மாதான் நடுவில் தபால்காரி. "அவகிட்ட சொல்லு, என் வேட்டி எங்கன்னு." "அவன்கிட்ட சொல்லும்மா, கொடியில இருக்குன்னு." மூன்று பேரும் ஒரே அறையில் நிற்கிறோம். இன்று அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இனிமே ஆளுக்கு ஒரு ஸ்டாம்பு ஒட்டிக் குடுங்க," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் இடது கையால் சாப்பிட மாட்டான். அம்மா சோற்றை உருட்டித் தட்டில் வைக்கிறாள். அவன் வலது விரல்களைச் சேர்த்து அள்ளிக்கொள்கிறான். நான் அந்த நேரத்தில் பூக்கட்டப் போய்விடுவேன்.

ஜூன் 10, திங்கள்

ஈயப் பிரிவு வாசலில் ஆறு குழாய் வைத்த தொட்டி இன்று திறந்தார்கள். முதல் நாள் ஒரே கலாட்டா. "மாமியா வூட்டு விருந்துக்கா போறோம், இம்மா தேய்க்கிறதுக்கு?" "நகத்துக்குள்ள பாரு, உங்க ஊரு வயல் மொத்தமும் அங்கதான் கீது." குப்புசாமி ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெல்லம் போட்டார். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார். அவருக்கு இதில் ஏக சந்தோஷம்.

நோன்பு முடிந்த பிறகு காதர் பாஷாவுக்கு வயிற்றுவலி திரும்பியிருந்தது. "இப்ப பாக்கலாம் உன் பியெஸ்ஸிய," என்று என் ஜன்னலைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினார். சிவக்கத் தேய்த்திருந்தார்.

அண்ணன் இடம் காலியாக இல்லை. அவன் அரத்தை வேறொருவர் பிடிக்கிறார். இந்த வாரம் மூன்று வேனை இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பினாராம்.

ஜூன் 21

ஈயப் பிரிவிலிருந்து இந்த வாரம் வயிற்றுவலி: நான்கு. மார்ச்சில் வாரத்துக்குப் பதினொன்று. பழைய ஈயம் உடம்பிலிருந்து இறங்க நாளாகும் என்கிறார் டாக்டர். விளக்கெண்ணெய் பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

சாப்பாட்டு மணி அடித்த கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் தெரிந்தது. நிமிர்ந்தேன். அண்ணன். இந்தக் கட்டடத்துக்குள் அவன் வருவது இதுதான் முதல் தடவை. இடது கையால் ஓர் ஆளின் முழங்கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தான். அந்த ஆள் கையால் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"வேணாம்ணே, ஒண்ணுமில்ல, உடுண்ணே."

"சும்மா இரு. எனக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன்." அண்ணன் என்னைப் பார்த்தே பேசினான். அவன் என்னோடு பேசி ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. "இவன் ராஜமாணிக்கம். பாட்டரி பிரிவு. ஸ்டோருக்கு ஸ்பானர் கேக்க வந்தான். சிரிச்சான், பாத்தேன். டேய், அவளப் பாத்து சிரி."

"நான் எப்பிடிண்ணே சும்மா சிரிக்கறது?"

"உங்க பிரிவு சூப்பர்வைசர நெனச்சிக்கோ."

ராஜமாணிக்கம் சிரித்துவிட்டான். முன்பற்கள் நான்கும் பாதிதான் இருந்தன. உடைந்தவை போல் இல்லை; யாரோ அரத்தால் ஒரே நேராக ராவியது போல் தேய்ந்திருந்தன. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ஒரு வருசமா தேயுது. எங்க பிரிவுல எல்லாருக்கும் அப்பிடித்தாங்க. பாட்டரி சார்ஜ் ஏறும்போது ஆசிட் ஆவி வரும். தொண்ட காந்தும். பாக்கு போட்டுக்குவோம். பாக்குலதான் பல்லு தேயுதுன்னு..."

"பாக்கு போடாதவங்க யாராவது இருக்காங்களா, உங்க பிரிவுல?"

அவன் யோசித்தான். "ரெண்டு பேரு."

"அவங்க பல்லு?"

அவன் தன் பாதிப் பல்லையே விரலால் தொட்டுக் காட்டினான். அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் ஸ்டூலைக் காலால் நகர்த்தி உட்கார்ந்தான். வலது கையை மடியில் வைத்துக்கொண்டான், மறைக்கவில்லை. சவரிமுத்து தன் மருந்துக் குப்பிகளை அடுக்குவதில் மும்முரமாக இருப்பது போல் முதுகைக் காட்டி நின்றார்.

நான் பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். தேதி போட்டேன். இருவரையும் பார்த்தேன்.

"மொதல்ல இவன எழுது," என்றான் அண்ணன். "அப்பால என்னிய எழுது."